மூன்று தங்கக்காசும் ஐம்பது கோடி டாலரும்: வின்னிபெக் அறக்கட்டளை கொடையை வளர்த்த விதம்

1921ல் கனடாவின் வின்னிபெக் நகரத்தில் வில்லியம் ஆலோவே என்ற வங்கிக்காரர் ஒரு லட்சம் டாலர் போட்டு ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். கனடாவில் இந்த வகையில் அதுதான் முதல். ஊரில் யார் வேண்டுமானாலும் அதில் பணம் போடலாம். அசலைத் தொடக்கூடாது, வருமானத்தை ஊர்க் காரியங்களுக்குச் செலவழிக்கலாம். இதுதான் ஏற்பாடு. மூன்று ஆண்டுகள் வேறு யாரும் காலணா போடவில்லை. 1924ல் ஓர் உறை வந்தது. உள்ளே மூன்று தங்கக்காசுகள், ஒவ்வொன்றும் 5 டாலர். அனுப்பியவர் பெயர் இல்லை. பைபிளில் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போடுகிறாளே ஒரு ஏழை விதவை, அவளுடைய காணிக்கை என்று மட்டும் எழுதியிருந்தது.

இதற்கு நேர்மாறான இன்னொரு கணக்கு 2022ல் வந்தது. வின்னிபெக்கில் அடுக்குமாடிக் குடியிருப்புத் தொழில் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த மிரியம் பெர்கன் தன் உயில்வழி விட்டுச்சென்ற கொடை 50 கோடி டாலர் என்று அதே அறக்கட்டளை அறிவித்தது.

இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ நூறாண்டு. 2021 கணக்கெடுப்பின்படி சுமார் ஏழரை லட்சம் பேர் வாழும் நகரம் இது, கனடாவின் பெரிய பணக்கார நகரங்களின் வரிசையில் வராது. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஊர் அறக்கட்டளை என்ன செய்து இத்தனை பேரைக் கொடுக்க வைத்தது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. உருக்கமான விளம்பரத்துக்கும் வீடுவீடாகப் போய்க் கேட்பதற்கும் இதில் பங்கு குறைவு என்பதே என் முடிவு. கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு எந்த நேரத்தில் எந்த இடத்தில் கை தடுக்கிறதோ, அங்கே போய்த் தடையை எடுத்துவிடும் வேலையைத்தான் அவர்கள் பொறுமையாகச் செய்திருக்கிறார்கள்.

செத்தவர் கை

இந்த அமைப்பின் மூல யோசனை வின்னிபெக்கினுடையது கிடையாது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் ஒரு வங்கியின் தலைவராக இருந்த ஃபிரெடரிக் கோஃப், 1914 ஜனவரி 2 அன்று உலகின் முதல் சமூக அறக்கட்டளையை உருவாக்கினார். உயில் எழுதித் தருமத்துக்குப் பணம் வைப்பவர்களின் கணக்குகளைப் பார்த்துப் பழகியவர் அவர். அவரை உறுத்திய விஷயம் ஒன்று இருந்தது: செத்தவர் எழுதிவைத்த நிபந்தனை, இருப்பவர்களின் கையைக் கட்டிப்போடுகிறது.

நல்ல உதாரணம் செயின்ட் லூயிஸ் நகரத்து பிரையன் மல்லன்ஃபி. 1851ல் இறந்த அவர் தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை, மேற்கே குடியேறப் போகும் வழியில் செயின்ட் லூயிஸுக்கு வந்துசேரும் ஏழைப் பயணிகளுக்கு உதவ என்று எழுதிவைத்தார். மாட்டுவண்டியில் குடும்பம் குடும்பமாக மேற்கே போன காலம் அது. அப்புறம் ரயில் வந்தது. வண்டிக்காரர்கள் மறைந்தார்கள். பணம் மட்டும் பூட்டிக் கிடந்தது.

கோஃப் செய்த ஏற்பாட்டில் இரண்டு அம்சங்கள் முக்கியம். கொடுத்தவர் சொன்ன நோக்கம் காலப்போக்கில் அர்த்தமில்லாமல் போனால், அதை மாற்றும் அதிகாரம் அறக்கட்டளைக்கு உண்டு. யாருக்குப் பணம் தருவது என்று தீர்மானிக்கும் ஐந்து பேர் குழுவில் வங்கிக்கு இரண்டே இடம்தான். மற்ற மூவரை மேயரும் நீதிபதிகளும் நியமிப்பார்கள். இரண்டாவது விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பணம் வைத்திருக்கும் வங்கியே பங்கும் போட்டால் ஊர் நம்பாது என்பது ஒரு வங்கிக்காரருக்கே தெரிந்திருந்தது. யோசனை வேகமாகப் பரவியது. 1915லேயே சிகாகோ, பாஸ்டன், மில்வாக்கி, மினியாபொலிஸ் என்று வரிசையாகத் தொடங்கினார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து வின்னிபெக் வந்து சேர்ந்தது, அது இருக்கும் மானிட்டோபா மாகாணத்தின் சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தோடு.

ஆலோவே யார்?

அயர்லாந்தில் பிறந்தவர். 1870ல் ராணுவப் படையோடு வின்னிபெக் பகுதிக்கு வந்தார். புகையிலைக் கடை வைத்தார், சரக்கு வண்டி ஓட்டினார், பிறகு ஆலோவே அண்ட் சாம்பியன் என்ற தனியார் வங்கியை நடத்தினார். 1919ல் அது ஒரு பெரிய வங்கியின் கைக்குப் போனது. இந்த ஊர் எனக்குச் செய்ததை என்னால் திருப்பித் தர முடியாது, நான் சேர்த்ததில் ஊருக்கும் கொஞ்சம் போகட்டும் என்ற பொருளில் அவர் எழுதியது அறக்கட்டளை இன்றும் பெருமையோடு சொல்லும் வாசகம்.

சரி, சேர்த்தது எப்படி? அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1870ன் மானிட்டோபா சட்டம் அங்கிருந்த மெட்டீஸ் மக்களின் (பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வம்சாவளியினர்) பிள்ளைகளுக்கு 14 லட்சம் ஏக்கர் நிலம் தருவதாக வாக்களித்தது. மெட்டீஸ் குடும்பங்களுக்கு நிலத்துக்கான சீட்டுகளும் கொடுக்கப்பட்டன. நிலம் கைக்கு வர ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள். பலர் சீட்டை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். அப்படி வாங்கிச் சேர்த்தவர்களில் ஆலோவே அண்ட் சாம்பியனும் ஒன்று. அந்த நில வாக்குறுதியை அரசு உரிய முறையில் நிறைவேற்றவில்லை என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2013ல் தீர்ப்பளித்தது. ஊருக்குத் திருப்பித் தருகிறேன் என்ற சொல்லை இந்தப் பின்னணியோடு படித்தால் அதன் எடை மாறுகிறது. அறக்கட்டளைகளின் வரலாறுகளில் இந்தப் பக்கம் பெரும்பாலும் மெலிந்தே இருக்கும்.

ஒரே பெட்டி

விதவையின் பதினைந்து டாலரை அறக்கட்டளை என்ன செய்தது? ஆலோவேயின் லட்சத்தோடு சேர்த்தது. அவ்வளவுதான். ஒரு நகரத்தின் தேவைக்கு முன்னால் 15 டாலர் என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் சேர்த்து முதலீடு செய்யும்போது அந்தப் பதினைந்துக்கும் லட்சத்துக்கும் ஒரே விகிதத்தில்தான் வருமானம் வரும். தனியாக ஒரு நிதியை நடத்தக் கணக்கர், தணிக்கையாளர், முதலீட்டு ஆலோசகர் எல்லோரும் வேண்டும். சிறிய கொடையாளருக்கு அது கட்டுபடியாகாது. கூட்டாகப் போட்டால் அந்தச் செலவு பகிர்ந்துபோகிறது. பெரிய மனிதர் ஒருவர் தொடங்கிய இடத்தில் நம் சில்லறைக்கு என்ன மதிப்பு என்ற கூச்சத்தை உடைக்க இந்த ஒரு கதை போதுமானதாக இருந்தது. நூறாண்டாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அலுத்துப்போன கதைதான், ஆனாலும் வேலை செய்கிறது.

கணக்கு இப்படிப் போகும். ஆண்டுக்கு நாலரை சதவீதம் வழங்கினால், 1,000 டாலர் கொடையிலிருந்து 45 டாலர் வெளியே போகும். 22, 23 ஆண்டுகளில் கொடுத்த தொகை முழுவதும் ஊருக்குப் போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். முதலீடு நன்றாகப் போனால் அசலும் வளர்ந்திருக்கும், 45 என்பது 60 ஆகியிருக்கும். கொடுப்பவரிடம் இதை ஒரு தாளில் போட்டுக் காட்டினால் போதும், நீண்ட பேச்சு தேவையில்லை.

கொடுப்பவருக்கு எவ்வளவு பிடிமானம் வேண்டும் என்பதிலும் தேர்வு உண்டு. எதற்கு வேண்டுமானாலும் செலவழியுங்கள் என்று பொது நிதியில் போடலாம். கல்வி, முதியோர், ஆறு குளம் என்று துறையை மட்டும் சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட தொண்டு நிறுவனத்துக்கே ஆண்டுதோறும் போகட்டும் என்றும் எழுதலாம். தன் பெயரிலோ இறந்துபோன அம்மாவின் பெயரிலோ ஒரு நிதியைத் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் இந்த ஆண்டு இவர்களுக்குக் கொடுங்கள் என்று பரிந்துரைக்கவும் செய்யலாம். கடைசி வகையில் பணம் சட்டப்படி அறக்கட்டளையுடையது, கொடையாளர் ஆலோசனை மட்டுமே சொல்லலாம். நடைமுறையில் அந்த ஆலோசனையைத் தட்டுவது அரிது. அறக்கட்டளைக்கு மிகவும் பிடித்தது முதல் வகை. கொடையாளர்களுக்கு அதிகம் பிடிப்பது கடைசி வகை. ஊர் அறக்கட்டளைகளின் அன்றாட வேலையில் பாதி, கடைசி வகையில் இருப்பவரை மெல்ல முதல் வகையின் பக்கம் நகர்த்துவதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

வக்கீல் மேசையும் தரகர் அலுவலகமும்

பெரிய கொடைகள் எங்கே பிறக்கின்றன? பெரும்பாலும் வக்கீலின் மேசையில், உயில் எழுதும் நாளில். அல்லது குடும்பத் தொழிலை விற்றுப் பெருந்தொகை கைக்கு வந்து, இதை என்ன செய்வது என்று கணக்காளரிடம் உட்கார்ந்து பேசும் நாளில். ஒளிபரப்புத் தொழில் நடத்திய மாஃபட் குடும்பம் 2001ல் வின்னிபெக் அறக்கட்டளைக்குக் கொடுத்த 10 கோடி டாலர் இரண்டாவது வகை. நிறுவனத்தை விற்ற பிறகு வந்த கொடை அது.

ஆகவே சமூக அறக்கட்டளைகள் கொடையாளரைத் தேடுவதைவிட வக்கீல்களையும் கணக்காளர்களையும் நிதி ஆலோசகர்களையும் பழகி வைத்துக்கொள்கின்றன. உயிலில் சேர்க்க வேண்டிய வாசகத்தையே அச்சிட்டுத் தருகின்றன. ஆலோசகர் ஒரு கேள்வி கேட்டால் போதும். இது வெறும் நம்பிக்கை கிடையாது. பிரிட்டனில் நடத்தைசார் ஆய்வுக்குழு ஒன்று உயில் எழுதித் தரும் சேவையில் சோதித்துப் பார்த்து 2013ல் முடிவை வெளியிட்டது. எதுவும் கேட்காதபோது 5 சதவீதம் பேர் உயிலில் தொண்டு நிறுவனத்துக்கு இடம் கொடுத்தார்கள். ஏதாவது தொண்டுக்குப் பணம் விட விரும்புகிறீர்களா என்று கேட்டபோது 10.4 சதவீதம். எங்கள் வாடிக்கையாளர்கள் பலர் இப்படி விடுகிறார்கள், உங்கள் மனதுக்கு நெருக்கமான காரியம் ஏதாவது உண்டா என்று கேட்டபோது 15.4 சதவீதம். கேள்வியைக் கேட்டதில் இரண்டு மடங்கு, கேட்ட விதத்தில் மூன்று மடங்கு.

பங்குகளை நேரடியாகக் கொடுப்பது இன்னொரு வாசல். கனடாவில் 2006லிருந்து, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளைப் பொது அறக்கட்டளைக்கு அப்படியே எழுதிக்கொடுத்தால் அவற்றின் மூலதன ஆதாயத்துக்கு வழக்கமான வரி கிடையாது. ஒருவர் 2,000 டாலருக்கு வாங்கிய பங்கு இப்போது 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விற்றுவிட்டுப் பணமாகக் கொடுத்தால் 8,000 டாலர் ஆதாயத்தில் பாதி அவர் வருமானத்தில் சேர்ந்து வரி விழும். பங்காகவே கொடுத்தால் அந்த வரி இல்லை, ரசீதும் 10,000 டாலருக்கே கிடைக்கும். விஷயம் தெரியாமல் காசோலை எழுதுபவர்கள் ஏராளம். அதனால் ஓர் ஊர் அறக்கட்டளைக்கு முதலில் வேண்டியது பங்குகளை வாங்கிக்கொள்ளத் தரகு நிறுவனத்தில் ஒரு கணக்கும், அதற்கான ஒரு பக்கப் படிவமும்தான். கேட்கச் சாதாரணம். ஊழியரே இல்லாத சிறிய தொண்டு நிறுவனத்தால் அதுகூட முடியாது. அங்கேதான் பெரிய அறக்கட்டளை அவர்கள் சார்பில் வாங்கி, விற்று, அவர்கள் பெயரிலுள்ள நிதியில் வைத்துக்கொடுக்கிறது.

அடுத்த ஊருக்குப் போகும் பணம்

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். வின்னிபெக் அறக்கட்டளை தன் பணத்தைச் செலவழித்து, மற்ற ஊர் அறக்கட்டளைகளுக்கு மக்களைக் கொடுக்கத் தூண்டுகிறது.

மானிட்டோபா மாகாணத்தின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் சுமார் 13.4 லட்சம். இவ்வளவு குறைந்த மக்கள்தொகைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட சமூக அறக்கட்டளைகள் இருக்கின்றன. பிராண்டன், விங்க்லர், விர்டன் என்று சிறு நகரங்களில் எல்லாம் உண்டு. கனடா முழுவதிலும் ஏறத்தாழ 200தான் என்னும்போது இது அளவுக்கு மீறிய பங்கு. இவற்றில் பலவற்றுக்கு முழுநேர ஊழியர் கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியரும் உள்ளூர்க் கணக்காளரும் மாலை நேரத்தில் கூடி நடத்துகிற அமைப்புகள். கொடையாளர் ஊர்க்காரராகவும் தெரிந்தவராகவும் இருப்பார், அதனாலேயே கேட்கவும் கூசும்.

2014ல் வின்னிபெக் அறக்கட்டளை ஒரு சவால் நாளை ஆரம்பித்தது. நவம்பரில் ஒரு நாள், 24 மணி நேரம். அந்த நேரத்துக்குள் உங்கள் ஊர் அறக்கட்டளைக்கு நீங்கள் 5 டாலர் கொடுத்தால் நாங்கள் 1 டாலர் சேர்ப்போம், ஓர் உச்சவரம்பு வரை. மாகாண அரசும் பின்னால் சேர்ந்துகொண்டு இன்னொரு டாலர் போட்டது. ஆக 5 டாலர் 7 ஆகும். பிற்பாடு ஒரு நாள் ஒரு வாரமாக நீண்டது.

ஐந்துக்கு ஒன்று என்பது கஞ்சத்தனமாகத் தெரியலாம். ஒன்றுக்கு ஒன்று போட்டால் இன்னும் கூட்டம் வராதா? டீன் கார்லன், ஜான் லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2007ல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். அமெரிக்காவில் ஒரு தொண்டு நிறுவனத்தின் பழைய கொடையாளர்கள் சுமார் 50,000 பேருக்குக் கடிதம் அனுப்பிச் சோதித்தார்கள். உங்கள் கொடைக்கு மேல்தொகை சேரும் என்று சொன்னபோது கொடுப்பவர்களின் விகிதம் 22 சதவீதமும், ஒரு கடிதத்துக்கான வரவு 19 சதவீதமும் கூடின. ஆனால் மேல்தொகை ஒன்றுக்கு ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதில் வித்தியாசமே தெரியவில்லை. மேல்தொகை உண்டு என்ற செய்திதான் ஆளைத் தூண்டியது, அதன் அளவு தூண்டவில்லை. ஒன்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவை அந்த ஆய்வு சோதிக்கவில்லை, ஆகவே அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் குறைந்த பணத்தை ஐம்பது ஊர்களுக்குப் பரப்புவது புத்திசாலித்தனம் என்றே எனக்குப் படுகிறது.

அந்த மேல்தொகையைவிட ஒரு தேதி குறித்ததுதான் பெரிய உதவி என்றும் நினைக்கிறேன். கேட்கக் கூசும் ஊர்க்காரருக்கு ஒரு சாக்கு கிடைக்கிறது. “இந்த வாரம் போட்டால் கூடுதலாகச் சேருமாம், வின்னிபெக்காரர்கள் தருகிறார்கள்” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிடலாம். அது பணம் கேட்பதாக இருக்காது, தகவல் சொல்வதாக இருக்கும். கொடுப்பவருக்கும் நாளைக்குப் பார்க்கலாம் என்ற சோம்பல் போகிறது.

இப்படி ஊர்தோறும் அறக்கட்டளைகள் இருந்ததால் வேறொரு பயனும் 2020ல் தெரிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் கனடா அரசு 35 கோடி டாலர் அவசர நிதியை உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்குக் கொண்டுசேர்க்கத் தேர்ந்தெடுத்த மூன்று வழிகளில் ஒன்று, நாடெங்கும் உள்ள சமூக அறக்கட்டளைகளின் வலையமைப்பு. எந்த ஊரில் யார் உண்மையிலேயே வேலை செய்கிறார்கள் என்ற விவரம் அவர்களிடம்தான் இருந்தது.

பிள்ளைகள் கையில் பணம்

1999லிருந்து வின்னிபெக்கில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்று ஒரு திட்டம் நடக்கிறது. மாணவர் குழுவிடம் ஒரு தொகை ஒதுக்கப்படும். உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களைப் பற்றி அவர்கள் விசாரிப்பார்கள், நேரில் போய்ப் பார்ப்பார்கள், யாருக்கு எவ்வளவு என்று வாதாடி முடிவெடுப்பார்கள். பிள்ளைகளிடம் உண்டியல் கொடுத்து வசூலிக்கச் சொல்வது சுலபம். இங்கே அவர்களுக்குக் கொடுக்கப்படுவது, இல்லை என்று சொல்ல வேண்டிய சங்கடம். விண்ணப்பித்த எல்லோரும் நல்லவர்களாக இருக்க, பணம் இரண்டு பேருக்குத்தான் போதும் என்ற நிலை பதினாறு வயதில் வந்தால் மறக்காது. இவர்கள் பெரியவர்களாகிக் கொடுப்பார்களா என்பதை அளப்பது கடினம்.

எங்கே இடிக்கிறது

பாராட்டியது போதும். முதல் சிக்கல் நிரந்தரம் என்ற கொள்கையிலேயே இருக்கிறது. இன்று ஒரு குழந்தைக்குப் பசிக்கிறது, கொடையாளர் 100 டாலர் கொடுக்கிறார், இந்த ஆண்டு வெளியே போவது நாலைந்து டாலர்தான். மிச்சம் முதலீட்டில் இருக்கும். வரிச்சலுகையோ 100 டாலருக்கும் இன்றே கிடைத்துவிடுகிறது. கனடா அரசு இதைக் கவனித்து, 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட சொத்தில் ஆண்டுதோறும் செலவழிக்க வேண்டிய குறைந்தபட்ச அளவை 2023லிருந்து மூன்றரை சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக உயர்த்தியது. அது போதுமா என்ற வாதம் ஓயவில்லை. என்னைக் கேட்டால், 50 கோடி டாலர் வந்துசேர்ந்த அமைப்புக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சமே அளவுகோலாக இருக்கக் கூடாது.

இரண்டாவது, புகழ் யாருக்கு? கனடாவில் வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்பவர்களில் கொடை கொடுப்பவர்களின் விகிதத்தில் மானிட்டோபா பல ஆண்டுகள் மாகாணங்களில் முதலிடம் பிடித்திருக்கிறது. அறக்கட்டளை இருப்பதால்தான் இப்படி என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். ஆனால் அங்கே தேவாலயங்களும், தெற்கில் மெனனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் சமூகங்களும் அறக்கட்டளைக்கு முன்பிருந்தே கொடுக்கும் பழக்கத்தோடு வாழ்கின்றன. ஏற்கெனவே ஈரமாக இருந்த நிலத்தில் விதைத்தவர்கள் இவர்கள். இதே முறையை அந்தப் பழக்கம் இல்லாத ஓர் ஊருக்குக் கொண்டுபோய் ஐந்தாண்டில் பலன் எதிர்பார்த்தால் ஏமாற வேண்டியிருக்கும். வின்னிபெக்கிலேயே முதல் மூன்று ஆண்டுகளில் வந்தது பூஜ்யம்.

மூன்றாவது கேள்வி நவம்பர் வாரத்தைப் பற்றியது. அந்த வாரத்தில் வரும் பணம் புதிய பணமா, அல்லது எப்படியும் கொடுத்திருக்கப் போகிறவர்கள் மேல்தொகைக்காக முன்னதாகக் கொடுத்ததா? கனடாவில் கொடைக்கான வரிக் கணக்கு டிசம்பர் 31ல் முடிகிறது. அதனால் டிசம்பர்தான் வழக்கமாகக் கொடை குவியும் மாதம். நவம்பர் வசூல் எகிறி டிசம்பர் வசூல் அதே அளவு சரிந்தால், அறக்கட்டளை மேல்தொகை கொடுத்து வாங்கியது தேதி மாற்றத்தை மட்டும்தான். இதைச் சரிபார்க்க, சவாலில் சேர்ந்த சிற்றூர் அறக்கட்டளைகளின் ஆண்டு முழு வரவையும், முதல்முறை கொடுத்தவர்களின் எண்ணிக்கையையும், அவர்களில் எத்தனை பேர் மேல்தொகை இல்லாத மாதத்தில் திரும்பக் கொடுத்தார்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாரம் முடிந்ததும் மொத்த வசூலை மட்டும் அறிவித்தால் இதில் எதுவும் தெரியவராது.